நான் திரும்பப் பெற்றுக்கொண்ட கட்டுரை

கண்ணு,

போன செவ்வாய்க்கிழமை லோஹேகாவ் விமான நிலைய வாசலில், உன் இரண்டு பெட்டிகளையும் டிராலியில் ஏற்றிவிட்டு அப்பா தண்ணீர் பாட்டில் வாங்கப் போன அந்த ஐந்து நிமிடத்தில் நீ என்னிடம் கேட்டாய். "அம்மா, நெட்ல உன் பேரைப் போட்டுப் பார்த்தேன். உன்னோட ஒரு பேப்பர் மேல 'ரிட்ராக்டட்'னு பெரிசா போட்டிருக்கு. என்னம்மா அது?" நான் உன் சட்டைக் காலரைச் சரிசெய்தேன். "அப்புறம் சொல்றேன், நீ மொதல்ல போய்ச் சேரு" என்றேன். அதற்குள் அப்பா வந்துவிட்டார். நீ கண்ணாடிக் கதவுக்கு உள்ளே போய், திரும்பி ஒருமுறை கையசைத்தாய். என்னைப் பார்த்து அசைத்தாய். அப்பாவும்தான் பக்கத்தில் நின்று கையைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க ரிக்‌ஷாவில் நீ கேட்டதையே நினைத்துக்கொண்டு வந்தேன். உன் கேள்விக்கு இரண்டு பதில் இருக்கிறது. ஒன்று, அந்தப் பத்திரிகைக்கு நானே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த நான்கு வரி. அதை நீ வாசித்திருப்பாய். அதில் பொய் எதுவும் இல்லை, ஆனால் நடந்தது எதுவும் அதில் இல்லை. இன்னொரு பதிலை நான் யாருக்கும் எழுதியதில்லை. அதைத்தான் இப்போது எழுதுகிறேன். தமிழில் எழுதுவதற்காகக் கோபித்துக்கொள்ளாதே. ஆங்கிலத்தில் எழுதினால் பஸ்ஸில் நின்றபடியே இரண்டு நிமிடத்தில் ஓட்டிவிடுவாய். தமிழை நீ எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய். இதை நீ மெதுவாக வாசிப்பது நல்லது.

நான் புனேவுக்கு வந்தபோது எனக்கு இருபத்துநான்கு வயது. கோயம்புத்தூரில் எம்.எஸ்ஸி. முடித்த கையோடு கல்யாணம். அப்பாவுக்கு லோஹேகாவ் விமானப்படைத் தளத்தில் சிவிலியன் டெக்னீஷியன் வேலை. விமானத்தின் உடம்பிலும் இறக்கையிலும் விரிசல் விட்டிருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்க்கிற வேலை. விஷ்ராந்த்வாடியில் ஆளந்தி ரோட்டுக்கு உள்ளே தள்ளி இரண்டு அறை வீடு. தலைக்கு மேலே போர் விமானம் போகும்போது தெருவில் பேசிக்கொண்டிருப்பவர்கள் எல்லாரும் அப்படியே வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள், அது போனதும் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடருவார்கள். நீ பிறந்து முதன்முதலாக அழுகையை நிறுத்தியதே அந்தச் சத்தத்துக்குத்தான். பயந்து நிறுத்தவில்லை, மரியாதைக்கு நிறுத்தினான் என்பார் அப்பா.

ஆராய்ச்சி நிலையத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்ற விளம்பரத்தை அப்பாதான் பேப்பரிலிருந்து கிழித்துக்கொண்டு வந்தார். "ரத்தத்தைப் பத்தின ஆராய்ச்சியாமா. நீ படிச்சதுதான? எழுதிப் போடு புள்ள" என்றார். நான் இந்தியும் தெரியாமல் மராட்டியும் தெரியாமல் அந்த நேர்முகத் தேர்வுக்குப் போய் உட்கார்ந்தேன். எடுத்துக்கொண்டார்கள், அங்கேயே பிஎச்.டி.யும் முடித்தேன். அன்றிலிருந்து இருபத்திரண்டு வருஷம், காட்கி வழியாகப் பல்கலைக்கழகம் போகிற பஸ்ஸில் என் ஆயுளில் ஒரு பகுதி கழிந்தது.

உனக்கு நினைவிருக்கிறதா, தெரியவில்லை. பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து ஐஸ் பெட்டியில் தொப்புள்கொடி ரத்தம் எடுத்துக்கொண்டு நான் பஸ்ஸில் வருவேன். குழந்தை பிறந்ததும் வீணாகக் கொட்டிவிடுகிற ரத்தம் அது. தாயிடம் கேட்டு, சரி என்றால் எடுத்துக்கொள்வோம். புதிய ரத்தம் முழுவதையும் உண்டாக்கக்கூடிய தாய்ச்செல்கள் அதில் இருக்கும். ஒருநாள் கண்டக்டர் பெட்டியைக் காட்டி, அதில் என்ன இருக்கிறது என்று கேட்டார்: "த்யாத் காய் ஆஹே, தாயி?" எனக்கு அப்போது மராட்டி அரைகுறை. மறைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. "ரக்த" என்றேன். என் பக்கத்து இருக்கையும், முன் இருக்கையும், பின் இருக்கையும் காலியாகிவிட்டன. அன்றைக்குத்தான் அந்த பஸ்ஸில் நான் கால் நீட்டி உட்கார்ந்து வந்தேன்.

பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் உன்னையும் ஆய்வகத்துக்குக் கூட்டிப்போவேன். அந்தத் தாய்ச்செல்களைப் பாகு போன்ற ஒரு கரைசலில் கலந்து சின்னத் தட்டுகளில் விதைத்து, உடம்புச் சூட்டில் இன்குபேட்டரில் வைத்தால், பதினான்காம் நாள் ஒவ்வொரு செல்லும் பெருகி ஒரு சின்னக் கூட்டமாகியிருக்கும். காலனி என்போம். நம் வீட்டைச் சுற்றி இருக்கிற ஒவ்வொரு தெருவுக்கும் ஏதோ ஒரு காலனி என்றுதான் பெயர். அதனால் அதில் யாரெல்லாம் குடியிருக்கிறார்கள் என்று நீ கேட்டாய். சிவப்பணுக் காலனிகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, "அம்மா, யாரோ மாதுளம்பழம் உரிச்சுப் போட்டிருக்காங்க" என்றாய். எண்ணுகிற கருவியை உன் கையில் கொடுப்பேன். நான் "ஒன்று" என்றால் நீ ஒருமுறை அழுத்த வேண்டும். சில சமயம் நான் சொல்லாமலேயே அழுத்திவிட்டு, "உனக்கு நெறைய வரட்டும்னுதான்மா" என்பாய். நான் சிரித்துக்கொண்டே மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன். உன்னிடம் பார்த்துச் சிரித்த அதே குணத்தை என்னிடம் நான் பார்க்கத் தவறினேன் என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயம்.

என் வேலைக்கு ஆரோக்கியமான ஒருவரின் வெள்ளணுக்களும் வேண்டும். அதற்கு அப்பாதான். மாதம் ஒருமுறை சைக்கிளில் அவ்வளவு தூரம் வந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்காருவார். என் நோட்டுப் புத்தகங்களில் அவருக்குப் பெயர் கிடையாது, 'டோனர் ஒன்று' என்றிருக்கும். ரத்தம் கொடுத்துவிட்டு கேன்டீனில் ஒரு தட்டு அவல் போஹே சாப்பிட்டுவிட்டு, திரும்ப சைக்கிள் மிதித்து ஷிப்டுக்குப் போவார். "உங்கம்மா மேடத்தோட கண்டுபிடிப்புல பாதி எம்பட ரத்தம்" என்று உன்னிடம் பெருமையடிப்பார்.

இப்போது வைஷாலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ அவளை அக்கா முறையில் 'வைஷாலி தாயி' என்று கூப்பிட்டுக்கொண்டு அவள் பின்னாலேயே சுற்றுவாய். பாராமதிப் பக்கம் கரும்புக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவள். அவள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். என்னிடம் பிஎச்.டி. செய்யச் சேர்ந்த முதல் மாணவியும் அவள்தான். டப்பாவில் பாக்கரி ரொட்டியும் வேர்க்கடலைச் சட்னியும் கொண்டுவந்து உனக்குப் பாதி கொடுப்பாள். அவள் நோட்டுப் புத்தகத்தில் ஒரு அடித்தல் இருக்காது.

நாங்கள் அப்போது ஒரு புரதத்தின் மேல் வேலை செய்துகொண்டிருந்தோம். அதை பாக்டீரியாவுக்குள் தயாரித்து, பிரித்து, சுத்தம் செய்து எடுப்போம். அதை அப்பாவின் வெள்ளணுக்கள் மேல் விட்டால், அவை ஏதோ ஒன்றைச் சுரந்தன. அந்தச் சுரப்பைத் தொப்புள்கொடித் தாய்ச்செல்களுக்குக் கொடுத்தால், காலனிகள் இரண்டு மடங்காயின. ஒருமுறை இல்லை, ஒவ்வொரு முறையும். புற்றுநோய் மருந்தால் எலும்பு மஜ்ஜை வற்றிப்போனவர்களுக்கு, பிறவியிலேயே ரத்தம் ஊறாத குழந்தைகளுக்கு இது உதவும் என்று நான் நம்பினேன். பஸ்ஸில் நின்றுகொண்டே மனதுக்குள் கட்டுரை எழுதினேன். கையிலிருக்கும் முடிவு நமக்குப் பிடித்துவிட்டால், கண்ணு, அதை நாம் ஆராய்வதை நிறுத்திவிட்டு வளர்க்க ஆரம்பித்துவிடுகிறோம்.

கட்டுரையை அனுப்ப ஒரு வாரம் இருந்தபோது, ஒரு மத்தியானம் வைஷாலி என் மேஜைக்கு வந்து நின்றாள். கையில் நோட்டு. "மேடம், ஏக் ப்ராப்ளம் ஆஹே" என்றாள். புரதத்தைக் கொதிக்க வைத்துப் பார்த்தாளாம். கொதிக்க வைத்த பிறகும் அது அதே மாதிரி வேலை செய்கிறதாம்.

இது ஏன் பெரிய விஷயம் என்று உனக்குப் புரிய வேண்டும். புரதம் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி. கொதிக்க வைத்தால் குலைந்துவிடும், பழையபடி ஆகாது. கொதித்த பிறகும் வேலை நடக்கிறது என்றால், வேலை செய்வது புரதம் இல்லை, அதோடு ஒட்டிக்கொண்டு வந்த வேறு ஏதோ ஒன்று. ஒரு நல்ல விஞ்ஞானி அந்த இடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காரு, முழுசாச் சொல்லு" என்றிருப்பாள். நான் அவளிடம் என்ன சொன்னேன் தெரியுமா? அறையில் இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். "டியூபை மாத்தி வெச்சிருப்பே. உன் கை சுத்தமில்லை. முதல்ல சுத்தமா வேலை செய்யக் கத்துக்கோ, அப்புறம் என் ரிசல்ட்டைச் சோதிக்கலாம்" என்றேன். இந்தியில் சொன்னேன், எல்லாருக்கும் புரிகிற மாதிரி. 'என் ரிசல்ட்' என்றேன். அவள் ராப்பகலாக உழைத்த ரிசல்ட் அது.

அவள் நோட்டை மூடிக்கொண்டு போனாள். ஒரு மாதத்தில் படிப்பை விடுவதாக எழுதிக் கொடுத்தாள். அவள் அண்ணன் மோட்டார் சைக்கிளில் வந்து பெட்டியைக் கட்டிக்கொண்டு போனான். கையெழுத்துக்கு அவள் நீட்டிய தாளில் நிமிர்ந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். வைஷாலி தாயி ஏன் வரவில்லை என்று நீ கேட்டாய். "அவளுக்கு ஊர்ல கல்யாணம் பார்க்கறாங்க" என்றேன். அது உன்னிடம் நான் சொன்ன முதல் பொய்.

கட்டுரை வெளியானது. ஆய்வகம் முழுக்கப் பேடா கொடுத்தேன். அடுத்த வருஷமே வெளிநாட்டில் ஒரு பெரிய ஆய்வகத்திலிருந்து அழைப்பு வந்தது. ஒரு வருஷம் அங்கே வந்து இதே வேலையைத் தொடர வேண்டும், குடும்பத்தோடு வரலாம். உனக்குப் பதினோரு வயது. நீ அந்த ஊரின் வரைபடத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டு அதன் கீழேதான் படுத்தாய். குளிர்காலத்தில் ஸ்டேஷன் பக்கம் ஸ்வெட்டர் விற்கிற திபெத்தியர்களிடம் உனக்கு ஒரு நீல நிறக் கம்பளிக் கோட்டு வாங்கினோம். புனேயின் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு மாடியில் நடந்து பழகினாய். அப்பா ஒரு வருஷ லீவுக்கு எழுதிப் போட்டார். அவருடைய ஒர்க்‌ஷாப்பில் அதற்கு முன் யாரும் அப்படி ஒரு லீவு கேட்டதில்லை. ஆபீசர் ஆபீசராக ஏறி இறங்கி, மூன்று மாதம் அலைந்து, உத்தரவை வாங்கிக்கொண்டு வந்தார். அந்தத் தாளை சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

அந்த வருஷம் பிள்ளையாரைக் கரைக்கிற கணபதி விசர்ஜன நாள். ஊரெல்லாம் டோல் தாஷா மேளம், ரோடெல்லாம் அடைத்துவிட்டார்கள். ஆனால் என் தட்டுகளுக்குப் பதினான்காம் நாள். விடுமுறை என்று காலனிகள் காத்திருக்காது. அப்பா என்னை சைக்கிளின் பின்னால் உட்காரவைத்துச் சந்து சந்தாகப் புகுந்து கொண்டுபோய் விட்டார். வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதற்காகப் புரதத்தைப் புதிதாக, முன்னைவிட நன்றாகச் சுத்தம் செய்து தயாரித்திருந்தேன். யாருமில்லாத ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்து எண்ணினேன். புதிய புரதம் கொடுத்த தட்டுகளில் ஒன்றும் கூடவில்லை. எதுவுமே கொடுக்காத தட்டில் எத்தனையோ, இதிலும் அத்தனைதான். எனக்கு வைஷாலியின் முகம் வந்தது. வேறு எதுவும் வரவில்லை. அலமாரியைத் திறந்து, பழைய புரதத்தின் மிச்சத்தை எடுத்துக் கொதிக்க வைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து எண்ணியபோது, கொதித்த பழைய புரதத்தின் தட்டில் மாதுளை முத்துக்கள் நிறைந்திருந்தன.

நடந்தது மிக எளிமையானது. நாங்கள் புரதம் தயாரித்த பாக்டீரியாக்களின் மேலுறையில் ஒரு பிசுக்கு இருக்கும். பாக்டீரியா செத்தாலும் அது போகாது, கொதித்தாலும் போகாது. எங்கள் புரதத்தோடு அது கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அப்பாவின் வெள்ளணுக்கள் அதைத் தொட்டதும், உடம்புக்குள் கிருமி நுழைந்துவிட்டது என்று கூச்சல் போட்டிருக்கின்றன. அந்தக் கூச்சலைக் கேட்டுத் தாய்ச்செல்கள் படை திரட்டியிருக்கின்றன. உடம்பு தன் வேலையைச் சரியாகச் செய்தது. நான்தான் அழுக்கை மருந்து என்று நம்பினேன். சுத்தமில்லாத கை யாருடையது என்று தெரிந்துவிட்டது.

எங்கள் டைரக்டர் சாரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர்தான். டீ வரவழைத்தார். "இதை ஏன் பெரிசு பண்றீங்க? விட்டுடுங்க. தானா மறந்துடுவாங்க. போய் ஒரு வருஷம் இருந்துட்டு வாங்க, அங்கே வேற ஏதாவது செய்யுங்க" என்றார். உனக்கு உண்மை சொல்கிறேன். அது எனக்கு ஆறுதலாக இருந்தது. நான் வெளியே வந்து, அவர் சொன்னதையே செய்யலாம் என்று கிட்டத்தட்ட ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். தீபாவளி விடுமுறைக்கு முந்தைய நாள் உன் வகுப்பில் உனக்கு வழியனுப்பு விழா நடத்தினார்கள். நாற்பது பிள்ளைகளும் கையெழுத்துப் போட்ட ஒரு பெரிய அட்டையோடு நீ ஓடிவந்தாய். அதை வாங்கி, ஒவ்வொரு பெயராக வாசித்து, சிரித்தேன். அப்போது எனக்கு எல்லாம் தெரியும்.

அந்த அட்டைதான் என்னைத் தின்றது. மறுநாள் காலை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் கையில் ஈரச் சட்டையை வைத்துக்கொண்டே கேட்டார். விஞ்ஞானம் எதையும் அவர் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான்.

"அந்தப் புள்ள சொன்னது சரிதானா?"

"சரிதானுங்க."

"அப்ப அந்தப் புள்ளகிட்டத்தான் மொதல்ல சொல்லோணும். பத்திரிகைக்காரனுக்கு அப்புறம் எழுதிக்கலாம்."

பாராமதி பஸ்ஸில் அப்பாவும் வந்தார். வைஷாலி அவள் ஊருக்குப் பக்கத்துப் பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அங்கே இன்னும் விடுமுறை விடவில்லை, மதிய உணவு நேரம். வேப்பமரத்தடியில் நின்று நான் சொல்லச் சொல்ல, அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டாள். முடித்ததும், "மூணு தடவை கொதிக்க வெச்சேன், மேடம்" என்றாள். பிறகு, "என் கை சுத்தமில்லைன்னீங்க. ரெண்டு வருஷமா இந்தக் கையையே பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். திரும்பி வா, படிப்பை முடி, நான் ஏற்பாடு செய்கிறேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். "கோபம் இல்லை. ஆனா அந்த ரூமுக்குள்ள வந்தா மறுபடி இந்தக் கையைத்தான் பார்த்துக்கிட்டிருப்பேன். வரமாட்டேன். நீங்க எழுதப்போற லெட்டர்ல, இதை முதல்ல பார்த்தது நான்தான்னு ஒரு வரி போடுங்க. அது போதும்." மணி அடித்தது. அவள் வகுப்புக்குப் போய்விட்டாள்.

அந்த நான்கு வரியில் கடைசி வரியை மறுபடி வாசித்துப் பார். அதில் இருக்கும் பெயர் உன் வைஷாலி தாயியுடையது. நான் அவளுக்குச் செய்தது அவ்வளவுதான். ஒரு நல்ல விஞ்ஞானியை இந்த ஊர் இழந்தது என்னால். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல டீச்சர் கிடைத்தாள் என்று சொல்லி நான் என்னைச் சமாதானப்படுத்திக்கொள்ளலாம். அந்தச் சமாதானம் எனக்கு உரியதில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று பத்திரிகைக்கு எழுதினேன். வெளிநாட்டு ஆய்வகத்துக்கும் எழுதினேன். மரியாதையாகப் பதில் வந்தது, அழைப்பு அதோடு முடிந்தது. இனி உன்னிடம் சொல்ல வேண்டும்.

பள்ளி திறக்க இரண்டு நாள் இருந்தது. மதியம் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நீ, "அம்மா, டிக்கெட் எப்போ வரும்?" என்றாய். காலையிலிருந்து மனதில் வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். என் பிள்ளை முன்னால் நான் தப்புச் செய்தவளாக உட்கார முடியவில்லை. "நாம போகலை கண்ணு. அப்பாவுக்கு லீவு கிடைக்கலை" என்றேன்.

அது எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. லீவு உத்தரவு மூன்றடி தள்ளி சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அப்பா சப்பாத்தியைத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு உன்னைப் பார்த்தார். "ஆமாங் கண்ணு. கெடைக்கலை" என்றார்.

நீ எழுந்து போய்விட்டாய். கதவருகில் நின்று, "எல்லாம் உங்களாலதான்ப்பா. நான் கிளாஸ்ல போய் என்ன சொல்றது?" என்று கத்தினாய். அவர் குனிந்து, தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தார். நீ வெளியே போனதும் நான் அழுதேன். "போச்சாது உடு. அவனுக்கு நீ பெரிய ஆளா இருக்கறது நல்லதுதான். நானு கம்பி தட்டற ஆளு, எனக்கென்ன" என்றார். மறுநாள் லீவு உத்தரவைத் திரும்பக் கொடுத்துவிட்டு வந்தார். ஒர்க்‌ஷாப்பில் எவ்வளவு கேலி செய்திருப்பார்கள் என்று பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் இரண்டு பேரும் விமானத் தளத்தின் வேலியோரம் போய் நிற்பீர்கள். எந்த விமானம் இறங்குகிறது என்று சத்தத்தை வைத்தே நீ சொல்வாய், அவர் சரி தப்பு சொல்வார். அதற்குப் பிறகு நீ போகவில்லை. இரண்டொரு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அவரும் விட்டுவிட்டார். நீ வளர வளர அந்தக் கோபம் உனக்கே மறந்திருக்கும். ஆனால் அது போட்ட இடைவெளி அப்படியே இருந்தது. அவரிடம் நீ மரியாதையாகப் பேசுவாய், தேவைக்குப் பேசுவாய். சொல்லிவிடலாம் என்று நான் எடுக்கும்போதெல்லாம் அவர் தடுத்தார். பத்தாம் வகுப்பு முடியட்டும், என்ட்ரன்ஸ் முடியட்டும், காலேஜ் முடியட்டும். நான் தடுக்கப்படுவதற்காகவே எடுத்தேனோ என்றும் தோன்றுகிறது. வெளியில் என் தப்பை அச்சில் ஒத்துக்கொண்ட அதே நான்தான், வீட்டுக்குள் அதைப் பதினோரு வருஷம் இன்னொருவர் தலையில் வைத்திருந்தேன்.

ஆய்வகத்தில் எனக்கு நடந்ததைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பதவி உயர்வு தள்ளிப்போனது. இரண்டு வருஷம் மாணவர்கள் யாரும் என்னிடம் சேரவில்லை. பிறகு, எந்த அழுக்கு என்னை ஏமாற்றியதோ அதையே எடுத்து வைத்துக்கொண்டு, வெள்ளணு அதை எப்படி அடையாளம் காண்கிறது, தாய்ச்செல்லை எப்படிக் கூப்பிடுகிறது என்று சின்னச் சின்னதாக வேலை செய்தேன். பெரிய பத்திரிகைகளில் வரவில்லை. ஆனால் யார் செய்து பார்த்தாலும் அதே முடிவு வருகிற வேலை. சேருகிற ஒவ்வொரு மாணவருக்கும் முதல் நாளே சொல்கிறேன்: எதைக் கண்டுபிடித்தாலும் கொதிக்க வைத்துப் பார், கொதிக்க வைத்துப் பார்த்தது யார் என்று நோட்டில் பெயர் எழுது. அந்தக் காலத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு இனிக்கத்தான் செய்கிறது. மாதுளை முத்தும், பஸ்ஸில் காலியான இருக்கைகளும், வேர்க்கடலைச் சட்னியும் பொய்யில்லையே.

நீ இப்போது உலோகம் எப்படிக் களைத்துப்போகிறது, எங்கே விரிசல் விடுகிறது என்று ஆராயப் போயிருக்கிறாய். அந்தப் படிப்பை நீ எடுத்தாய் என்று தெரிந்த அன்று அப்பா பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொன்னார். உன்னிடம் "நல்லதுப்பா" என்று மட்டும் சொன்னார். உனக்கும் ஒருநாள் ஒரு வைஷாலி வந்து நிற்பாள். நீ விரும்பாத ஒன்றைச் சொல்வாள். அப்போது நீ களைப்பாக இருப்பாய், அவசரத்தில் இருப்பாய், உனக்குப் பிடித்த முடிவு ஒன்று கையில் இருக்கும். நாற்காலியை இழுத்துப் போடு. அதற்கு மேல் உனக்கு அறிவுரை சொல்கிற தகுதி எனக்கு இல்லை.

நான் இதை எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்தால் இப்போதும் 'செமஸ்டர் முடியட்டும்' என்பார். காலேஜ் ஹாஸ்டலில் இருந்த காலத்திலிருந்தே நீ ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது போனை எடுப்பது அவர்தான். "நல்லா இருக்கீங்களாப்பா, அம்மா இருக்காங்களா?" என்று ஒரே மூச்சில் கேட்பாய். அவரும் "இருக்கா, தர்றேன்" என்று என்னிடம் நீட்டிவிட்டு, நான் பேசி முடிக்கும்வரை பக்கத்தில் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். இந்தக் கடிதம் கிடைத்து வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை நான் காட்கி பஜாருக்குக் காய் வாங்கப் போய்விடுவேன். திரும்பி வர இரண்டு மணி நேரமாவது ஆகும். வீட்டில் அப்பா மட்டும்தான் இருப்பார். கூப்பிடு.

அம்மா